சுங்கமும் நீதியும்

தமிழர் நினைவில் சுங்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றப்படும் பொதிகளின் மீதும் இறக்கப்படும் பொதிகளின் மீதும் புலிப்பொறி இட்டுச் சுங்கங் கொண்ட காவலரைப் பட்டினப்பாலை பெருமிதத்தோடு காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனையோ, சுங்கத்தை நீக்கியமைக்காகவே 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று போற்றினர். வாங்கியவனும் புகழ் பெற்றான்; வாங்காது விட்டவனும் புகழ் பெற்றான். ஆகவே, சுங்கம் தன்னளவில் நன்றோ தீதோ என்று கேட்பதாற் பயன் அதிகமில்லை. எவரிடமிருந்து, எவருக்காக, எத்துணைக் காலம் என்னும் மூன்று கேள்விகளே அதன் அறத்தை நிருணயிப்பன. இக்கேள்விகளை இரும்பின்மேல் வைத்து ஆராய்வது இன்று அவசியமாகிறது.

பண்டைய சுங்கம் அரசனுடைய பண்டாரத்தை நிரப்ப எழுந்தது. இன்று உருக்கின்மேல் பல நாடுகள் விதிக்கும் தீர்வைகளுள் ஒருவகை வேறு நோக்கம் உடையது. அயல்நாட்டு அரசாங்கமொன்று தன் ஆலைகளுக்குக் குறைந்த வட்டியிற் கடனும், குறைந்த விலையில் நிலமும் மின்சாரமும் கொடுக்கிறது. அந்த மானியத்தின் பலத்தால் அவ்வாலைகள் தம் உருக்கைப் பிறநாட்டுச் சந்தைகளில் எவரும் ஈடுகொடுக்க முடியாத விலைக்கு விற்கின்றன. வாங்கும் நாட்டின் ஆலைகள் போட்டியிட முடியாது நலிகின்றன. இந்நிலையில், மானியத்தின் அளவைக் கணக்கிட்டு அதனைச் சமன்செய்ய விதிக்கப்படுவதே எதிரீட்டுத் தீர்வை. இலங்கையும் 2018 ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. உலகின் உருக்கிற் பாதிக்கு மேற்பட்டதைச் சீனாவே உற்பத்தி செய்கிறது. 2024 இல் அதன் உற்பத்தி 1,000 மில்லியன் தொன்னைத் தாண்டியது. 110 மில்லியன் தொன் அளவில் ஏற்றுமதியாயிற்று. உள்நாட்டிற் கட்டட வேலைகள் தளர்ந்தமையால் எஞ்சிய உருக்கு உலகச் சந்தையெங்கும் வழிந்தோடுகிறது.

அயலிலுள்ள இந்தியாவில் நடந்ததைப் பார்ப்போம். எவர்சில்வர் என்று நாம் அழைக்கும் துருப்பிடிக்காத உருக்கின் தகடுகள் சீனாவிலிருந்து வந்தபோது, 2017 செப்டெம்பரில் அவற்றின்மேல் 18.95 சத வீத எதிரீட்டுத் தீர்வை ஐந்தாண்டுக் காலத்துக்கு விதிக்கப்பட்டது. உருக்காலைகள் மகிழ்ந்தன. அத்தகட்டை வாங்கித் தட்டமும் குவளையும் செய்யும் சிறு பட்டறைக்காரரோ முறையிட்டனர். ஐந்தாண்டு நிறையுமுன்பே, 2021 இன் வரவு செலவுத் திட்டத்தில் அத்தீர்வை இடைநிறுத்தப்பட்டது. 2022 பெப்ரவரியில், உலோக விலைகள் ஏறியிருப்பதையும் பொதுநலனையும் காரணங் காட்டி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதனை முற்றாக நீக்கினார். மூன்றாண்டு சென்றதும், 2025 ஏப்பிரலில், வேறுவகைத் தட்டை உருக்குப் பொருள்களின்மேல், இறக்குமதிப் பெருக்கத்தைத் தடுக்கவென்று, 12 சத வீதப் பாதுகாப்புத் தீர்வை 200 நாளுக்குத் தற்காலிகமாக விதிக்கப்பட்டது. அதே அரசாங்கம் பொதுநலன் கருதி ஒருமுறை சுவரை இடித்தது. மறுமுறை சுவரை எழுப்பியது. பொதுநலன் என்னுஞ் சொல்லுக்குள் எத்தனை நலன்கள் அடங்கிக் கிடக்கின்றன!

இதனை அரசாங்கத்தின் தடுமாற்றம் என்று நகைப்பது எளிது. அத்தடுமாற்றத்தின் அடியில் மெய்யான அறச்சிக்கல் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கே ரெட்கார் என்னும் ஊரிலிருந்த உருக்காலை, உலகச் சந்தையில் உருக்கு விலை வீழ்ந்த 2015 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உருக்கு வார்த்த வட்டாரத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். தலைமுறை தலைமுறையாக ஒரு தொழிலைச் சார்ந்து வாழ்ந்த ஊருக்கு, 'உலகில் எங்கோ கம்பி மலிந்திருக்கிறது' என்பது ஆறுதலாகுமா? மறுபுறம், தகட்டின் விலை ஏறியதால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலிற் குந்தியிருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கு, 'தேசத்தின் உருக்கு காக்கப்பட்டது' என்பது சோறாகுமா? இருவரும் உழைப்பாளிகளே. ஒருவரின் வயிற்றைக் காக்க மற்றவரின் வயிற்றில் அடிக்க வேண்டியிருக்கும்போது, நியாயத்தின் துலாக்கோலை எவ்வாறு பிடிப்பது?

இந்தச் சிக்கல் நமக்குத் தொலைவானதன்று. இலங்கையில் இரும்புத்தாதை உருக்கும் பேராலை கிடையாது. சோவியத் நாட்டின் உதவியோடு ஒறுவலையில் நிறுவப்பட்ட உருக்குக் கூட்டுத்தாபனம் 1996 இல் தனியார் கைக்கு மாறிற்று. இறக்குமதியான உருக்குப் பாளங்களைக் கொண்டும், பழைய இரும்பை உருக்கியுமே இங்குக் கம்பி ஆக்கப்படுகிறது. கடல்கடந்து வரும் கம்பியின்மேல் தீர்வை கூடினால் அந்த ஆலைகள் பிழைக்கும். அவற்றின் தொழிலாளரும் பிழைப்பர். ஆனால் அதன் பாரத்தைச் சுமப்பவர் நாடெங்கும் பரந்திருக்கின்றனர். யுத்தம் முடிந்தபின், இந்திய அரசின் நன்கொடை வீட்டுத் திட்டத்தில், வடக்கில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டதை நாம் அறிவோம். அத்தொகை தவணை தவணையாக, அத்திவாரம் முடிந்தபின், சுவர் எழுந்தபின் என்று அளந்து கொடுக்கப்பட்டது. கம்பியும் சீமெந்தும் விலையேறினால் தொகை ஏறாது, கடன்தான் ஏறும். தாலிக்கொடியை அடகு வைத்து வீட்டு மட்டத்தில் வளையஞ் சுற்றிய பெண்கள் நம் கிராமங்களிற் பலர். 2022 இன் முற்பகுதியில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுள் 360 ரூபாவுக்கு ஏறியபோது, எத்தனை வீடுகளின் தூண்களில் கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது! தீர்வை என்பது அவர்களுக்குப் பொருளாதார ஏட்டிலுள்ள சொல் அன்று. தலைக்கு மேல் கூரை வருமா, வராதா என்ற கேள்வி.

அப்படியாயின், அயலான் மலிவாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்வதே அறிவுடைமை அல்லவா? நட்டம் அவனுக்கு, இலாபம் நமக்கு. இவ்வாதம் எளிதில் மனத்திற் பதியும். ஆயினும் அதில் ஓர் ஓட்டை உண்டு. அந்நாட்டு அரசாங்கம் வாரியிறைக்கும் மானியம் வானத்திலிருந்து வருவதன்று. அங்குள்ள உழைப்பாளியின் வரியிலிருந்தும், அவனுடைய சேமிப்புக்குக் கிடைக்க வேண்டிய நியாயமான வட்டியைக் குறைத்து மிச்சம் பிடித்ததிலிருந்தும் வருவது. நாம் மலிவாய் வாங்குங் கம்பியில் அவனுடைய பங்கும் கலந்திருக்கிறது. மேலும், போட்டிக்கு நின்ற ஆலைகள் யாவும் சாய்ந்தபின், கொடுக்குங் கை அதே விலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதற்கு எவர் பிணை நிற்பார்? மலிவுக்கும் ஒருவர் விலை கொடுக்கிறார்; பாதுகாப்புக்கும் ஒருவர் விலை கொடுக்கிறார். ஆதலின் மலிவு என்பதோ பாதுகாப்பு என்பதோ தனித்து நின்று ஒரு நியாயமாகிவிடாது. விலை கொடுப்பவர் எவர் என்று பெயர் சொல்லிக் காட்டும்போதே நியாய விசாரணை தொடங்குகிறது.

நம் குடாநாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1970 இற்கும் 1977 இற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்கள் செழித்தன. கமக்காரன் தன் உழைப்புக்கு விலை கண்டான், கல்வீடு கட்டினான், இறைப்பு இயந்திரம் வாங்கினான். அக்காலத்தைப் பொற்காலம் என்று இன்றும் முதியோர் சொல்வர். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அதே ஆண்டுகளில், உலகச் சந்தையில் தானிய விலை ஏறியதாலும், பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டதாலும், மலையகத்தில் நம் சகோதரர் பட்டினியால் மடிந்தனர். அப்பட்டினிக்கு நம் மிளகாய் காரணமன்று. எனினும், ஒரே நாட்டின் ஒரே கொள்கைக் காலத்தில், நிலமுடையவனுக்குக் கிட்டிய செழிப்பும், நிலமற்ற தோட்டத் தொழிலாளிக்குக் கிட்டிய பஞ்சமும் அருகருகே நின்றன என்பதை மறத்தல் தகாது. குடாநாட்டிலேகூட, பிறர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து நாட்கூலி பெற்ற ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அப்பொற்காலத்தில் எத்தனை பொன் கிடைத்தது? பாதுகாப்பு மேலே நிற்பவன் கையிற் சேர்ந்துவிட்டால், அது தானாகவே கீழே சொரிந்துவிடுவதில்லை.

1977 இல் கதவுகள் திறக்கப்பட்டன. ஏழாண்டு கட்டிய வாழ்வு ஈராண்டில் ஆட்டங்கண்டது. முன்னறிவிப்போ, படிப்படியான மாற்றமோ, மாற்றுப் பயிருக்கு உதவியோ இன்றித் திறந்தமைதான் கொடுமை. பின்னர், 1990 இல் எழுந்த பொருளாதாரத் தடையின்போது, கதவு வேறொருவர் கையால் அடைக்கப்பட்டது. சீமெந்து, இரும்பு, எரிபொருள், மின்கலம் ஆகியன வடக்கே வரவிடாது தடுக்கப்பட்டன. புகைவண்டிப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குள் மறைந்தன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகைவண்டி வந்தது, இந்தியக் கடனுதவியால் புதிதாய்ப் பதித்த இரும்பின்மேல். இம்மூன்று அனுபவங்களும் ஒன்றையே உணர்த்துகின்றன. அடைத்த கதவு ஒருகால் வாழ்வித்தது, இன்னொருகால் வதைத்தது. திறந்த கதவு ஒருவருக்கு உணவாயிற்று, இன்னொருவருக்கு அழிவாயிற்று. திறவுகோல் எவரிடம் இருந்தது, அதனைத் திருப்புமுன் நம்மை எவரேனும் கேட்டனரா என்பதே வேறுபாடு.

இதனாலேதான், தீர்வைகளை அரசாங்கம் மீளாய்வு செய்யும் காலம் அறவழியில் முக்கியமான காலம் என்கிறோம். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி, எதிரீட்டுத் தீர்வையொன்று ஐந்தாண்டுக்கு மேல் நிலைக்க வேண்டுமாயின், அதன் தேவை மீண்டும் ஆராயப்படல் வேண்டும். அப்பொருளைப் பயன்படுத்துங் கைத்தொழிலாளருக்கும், அது சில்லறையாக விற்கப்படுவதாயின் பாவனையாளர் அமைப்புகளுக்கும், தம் கருத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அவ்வொப்பந்தம் விதிக்கிறது. ஏட்டில் இது நல்ல விதி. நடைமுறையில் என்ன காண்கிறோம்? ஆலைக்கு வழக்கறிஞர் உண்டு, கணக்காளர் உண்டு, அமைச்சின் வாசல் தெரியும். இறக்குமதியாளனுக்கும் இவை உண்டு. கம்பி கட்டும் மேசனுக்கும், கலப்பையும் மண்வெட்டியும் அடிக்குங் கொல்லனுக்கும், அரைகுறை வீட்டோடு நிற்கும் விதவைக்கும் இவற்றுள் ஒன்றுமில்லை. அவர்களுடைய மௌனம் சம்மதமாகக் கணக்கிடப்படுகிறது.

கேட்டால் பயனுண்டு என்பதற்கும் உதாரணம் நம்மிடம் உண்டு. வடக்கு கிழக்கிலே ஆர்சலர் மிட்டல் நிறுவனத்தின் மூலம் 65,000 இரும்பு வீடுகளை அமைக்கும் திட்டமொன்று 2016 அளவில் முன்வைக்கப்பட்டது. ஒரு வீட்டின் செலவு இருபது இலட்சம் ரூபாவைத் தாண்டியது. அதனிற் பாதிச் செலவில் கல்வீடு கட்டலாமே, நம் வெயிலுக்கு இரும்புச் சுவர் ஏற்குமா, உள்ளூர் மேசனுக்கும் ஓடாவிக்கும் இதில் என்ன வேலை என்று பொறியியலாளரும் பொதுமக்களும் மக்கள் பிரதிநிதிகளும் வினாவினர். அத்திட்டம் முதலிற் சுருங்கியது, பின்னர் கைவிடப்பட்டது. வீடற்றோர் பலர் 'எதுவாயினும் வரட்டும்' என்று காத்திருந்த வேளையில் எழுந்த வினாக்கள் அவை என்பதை நினைத்தால், அவற்றின் அருமை விளங்கும்.

எனவே, இரும்பின்மேல் தீர்வை வேண்டும் என்று முழங்குவோரிடமும், வேண்டாம் என்று முழங்குவோரிடமும் நாம் மூன்று நிபந்தனைகளை வைப்போம். முதலாவது, பாரஞ் சுமப்பவரைக் கேட்டபின்னரே பாரம் ஏற்றப்படல் வேண்டும். கொழும்பில் ஓர் ஆங்கில அறிவித்தல் ஒட்டினாற் போதாது. தமிழிலும் சிங்களத்திலும் மக்களுக்கு விளங்கும் நடையில் கணக்கு வெளியாக வேண்டும். மாவட்டந்தோறும் விசாரணை நடத்தல் வேண்டும். இரண்டாவது, பாதுகாப்புப் பெறும் ஆலை கடன் பட்டது என்பதை உணர்தல் வேண்டும். மக்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய காலத்தில், தன் இயந்திரத்தைப் புதுக்குதல், தொழிலாளிக்கு நியாய ஊதியம் கொடுத்தல், கம்பியின் தரத்தைக் காத்தல் ஆகியன அதன் கடமைகள். அவற்றைச் செய்யாது இலாபத்தை மட்டும் பெருக்கிய ஆலைக்குப் பாதுகாப்பை நீடிப்பது, மக்களிடம் பறித்து முதலாளிக்கு ஈவதாகும். மூன்றாவது, தீர்வையால் வரும் பணத்தின் ஒரு பங்கு, அத்தீர்வையால் நலிபவருக்கே திரும்புதல் வேண்டும். முதன்முதல் வீடு கட்டும் ஏழைக்கு வீட்டுதவித் தொகையை விலைக்கேற்ப உயர்த்துதலும், சிறு பட்டறைகளுக்கு மூலப்பொருளைச் சலுகை விலையில் வழங்குதலும் இயலாத காரியங்கள் அல்ல.

இந்நிபந்தனைகள் நிறைவேறின், சற்றுக் கூடிய விலை கொடுத்து நாட்டின் தொழிலாளியைக் காப்பாற்றும் பொறுப்பை நம் மக்கள் மறுக்கமாட்டார்கள். ஊருக்கு வாய்க்கால் வெட்டப் பகுதிக்காசு கொடுத்தவர்கள் அவர்கள். குளங்கட்டக் கூடை சுமந்தவர்கள் அவர்கள். பொதுக் காரியத்துக்குத் தம் பங்கைத் தர அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாய்க்காலின் நீர் எவர் வயலுக்குப் பாய்கிறது என்று கேட்கும் உரிமையை மாத்திரம் அவர்கள் கோருகிறார்கள். அடுத்த முறை அரசாங்கம் இரும்புத் தீர்வையை மீளாய்வு செய்ய அமரும்போது, நம் ஊர்களின் கமக்காரர் சங்கங்களும், கூட்டுறவுச் சங்கங்களும், கட்டடத் தொழிலாளர் சங்கங்களும் தத்தம் கணக்கை எழுத்தில் அனுப்புதல் வேண்டும். எழுத இயலாதோருக்கு எழுதிக் கொடுப்பது கற்றோரின் கடன்.