அண்மை எது?

அறிந்ததிலிருந்து அறியாததற்கு, அண்மையிலிருந்து சேய்மைக்குக் குழந்தையை நடத்திச் செல்ல வேண்டும் என்பது ஸ்ரீ அரவிந்தர் வகுத்த கல்விக் கொள்கைகள் மூன்றனுள் இறுதியானது. எதையும் எவருக்கும் கற்பித்துவிட முடியாது என்பது முதலாவது, மனத்தின் வளர்ச்சியில் அம்மனத்தின் இசைவையே நாட வேண்டும் என்பது இரண்டாவது. 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேருமுன் 'கர்மயோகின்' இதழுக்காக இவற்றை எழுதியபோது, தாய்மொழியே கல்விக்கு உரிய வாயில் என்றும் அவர் கூறியிருந்தார். ஆயினும் அவருடைய ஆசிரமத்தில், பாரிஸில் பிறந்தவரான ஸ்ரீ அன்னை 1943 டிசம்பர் 2-ஆம் நாள் ஏறத்தாழ இருபது குழந்தைகளுடன் தொடங்கிய பள்ளி, கணிதத்தையும் அறிவியலையும் பிரெஞ்சிலும் ஏனைய பாடங்கள் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்திலும் பயிற்றும் இருமொழிப் பள்ளியாக வளர்ந்தது.

போர்க்காலத்தில் அடியார்களின் குடும்பங்கள் புதுச்சேரிக்கு வந்து தங்கியதே பள்ளி தோன்றியதற்கான உடனடிக் காரணம். ஸ்ரீ அரவிந்தர் 1950-இல் மறைந்தபின், 1952 ஜனவரி 6-இல் அது பன்னாட்டுப் பல்கலைக்கழக மையமாக விரிந்து, 1959-இல் 'ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம்' என்னும் பெயரைப் பெற்றது. பட்டம் வழங்குவதில்லை என்னும் உறுதியை அது கைவிடவில்லை. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னரும் அங்கே பிரெஞ்சு நிலைத்ததால், அதனை ஆள்வோரின் மொழி என்று மட்டும் கருதிவிட இயலாது.

கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையிலுள்ள இவ்விலகலுக்கு இரு விளக்கங்கள் கூறலாம். வங்காளம், குஜராத்தி, ஒடியா, தமிழ் எனப் பல மொழி பேசும் குழந்தைகள் கூடிய வகுப்பில் பொதுத் தாய்மொழி என ஒன்று இல்லை என்பது எளியது. மற்றது ஆழமானது: பிறவிதோறும் வளர்ந்துவரும் ஆன்மக் கூறாகிய சைத்திய புருஷனே உண்மையில் கற்பவன் என்றால், அவனுக்குத் தமிழும் பிரெஞ்சும் ஒருங்கே புறத்தவை, அண்மை என்பது மொழியைச் சார்ந்ததன்று.

இவ்வாதம் அழகியது; ஆனால் முழுமையானதன்று. கணிதத்தைக் கற்கும் கருவி மனம், மனமோ சொல்லைப் பற்றியே நடப்பது. தங்கச்சிமடத்து மீனவக் குடும்பத்துக் குழந்தை வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைத் திசைவாரியாகப் பிரித்தறியும் சூழலில் வளர்கிறது. இப்பெயர்கள் ஒவ்வொன்றிலும் திசையும் பருவமும் கடலுக்குப் போகலாமா என்னும் கணிப்பும் ஒருங்கே அடங்கியுள்ளன. காற்றழுத்தத்தைப் பற்றிய பாடம் பிரெஞ்சில் தொடங்குமாயின், அக்குழந்தை முன்பே பெற்றிருந்த அறிவு வகுப்பின் வாயிலிலேயே நின்றுவிடும். தமிழில் நடக்கும் பாடமும் பாடநூல் தமிழை மட்டுமே ஏற்றுக் 'கச்சான்' என்னும் சொல்லைக் கொச்சை என ஒதுக்குமாயின், அதே தவறு நிகழும் என்பது பலரும் எண்ணிப்பாராதது. ஆகவே பயிற்றுமொழி எது என்பதற்கு முன்னர், குழந்தை கொண்டுவரும் சொல்லை ஆசிரியர் கேட்கிறாரா என்னும் வினா எழுகிறது. மனத்தின் இசைவை நாடுக என்னும் இரண்டாம் கொள்கை கோருவதும் அதையே.