எப்படியும் நடந்திருக்கும்

கார்பன் சந்தை பற்றிய பன்னாட்டு மாநாடுகளில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது: "இந்தப் பணம் வராவிட்டாலும் இந்தத் திட்டம் நடந்திருக்குமா?" நடந்திருக்கும் என்றால் சான்று கிடையாது. 1997 கியோட்டோ உடன்படிக்கை கொண்டுவந்த தூய்மை வளர்ச்சிப் பொறிமுறையின் அடிப்படை விதி அது. தேனி மாவட்டக் காற்றாலைகள் சிலவும் அதன்படி பதிவானவைதான். தவிர்த்த ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு வரவு.

விதி நியாயமானதே. தானாக நடப்பதற்குக் காசு கொடுத்தால் அது ஏமாற்று. ஆனால் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை நிழலில் ஆடு மேய்க்கிறவளை, கம்பத்தில் திராட்சைத் தோட்டக் கூலிக்குப் போகிறவளை நினைத்துப் பார்க்கிறேன். அவள் வாழ்நாளில் எரித்தது சொற்பம். குறைக்க ஒன்றுமில்லை, ஆகவே விற்கவும் ஒன்றுமில்லை. அவளுடைய சிக்கனம் எப்படியும் நடந்திருக்கும். சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் உழைப்பாக எண்ணாததற்கு நம் வீடுகள் சொல்லும் காரணமும் இதுதானே?

அப்படியானால் அந்தச் சிக்கனத்துக்கும் விலை வைக்கலாமா? கூடாது என்பேன். அதை வாங்குகிறவர் தாம் எரிப்பதற்கு அனுமதி வாங்குகிறார். வரவு தொடர அவள் வறுமையும் தொடர வேண்டியிருக்கும்.

அவளுக்குச் சேர வேண்டியது முடிவில் பங்கு. கார்பன் சந்தை விதிகளை ஏற்ற 2024 பாகு மாநாட்டுக்கு முதலில் அறிவித்த ஏற்பாட்டுக் குழுவில் 28 பேரும் ஆண்கள். கண்டனம் எழுந்த பிறகே 12 பெண்களைச் சேர்த்தார்கள். நாற்காலி வேண்டும்தான். எதோடு ஒப்பிட்டு எதைக் 'குறைப்பு' என்கிறோம் என்று கேட்கும் உரிமையும் அதோடு வேண்டும். பள்ளத்தாக்கில் அடுத்த காற்றாலைக்கு இடம் பார்க்கும்போது, பட்டா யார் பெயரில் என்பதற்கு முன்னால், அங்கே மேய்ப்பது யார் என்று கேட்கட்டும்.