கருவி வரைந்தாலும் வினை நமதே

உயிர் வேறு, உயிரல்லாதது வேறு என்பது அருகன் நெறியின் முதற்பாடம். வினை உயிரைப் பற்றுமேயன்றிச் சடப்பொருளைப் பற்றாது. இன்று சில சொற்களை இட்டவுடன் செயற்கை நுண்ணறிவு ஓவியம் ஒன்றைத் தீட்டித் தருகிறது. அதனால் பழி நேருமாயின் அது யாரைச் சாரும்?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவழியாலும் வினை வந்து சேரும் என்பர் ஆசாரியர். கணினி சடம்; செய்வித்தவரோ உயிர். ஆகவே பழி செய்வித்தவரையே சாரும்.

இல்லறத்தார்க்குரிய கள்ளாமை அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. களவுப் பொருளை ஏற்றலும், போலியை மெய்யெனக் கலந்து வழங்கலும் அவற்றுள் அடங்கும். இவ்விரண்டும் இங்கு எண்ணத்தக்கன.

இக்கருவிகள் கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. தம் இசைவின்றித் தம் படைப்புகள் எடுத்தாளப்பட்டன என்று 2023 சனவரியில் அமெரிக்காவில் ஓவியர் சிலர் வழக்குத் தொடுத்தனர். முன்னோரிடம் கற்பதும் களவோ எனின், அன்று. சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் 9ஆம் நூற்றாண்டில் பணி செய்வித்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமனைப் பழையதைப் புதுப்பித்தவர் என்றே கல்வெட்டு கூறுகிறது. பெற்றதைப் பெற்றதென ஒப்புதல் அறம். அதனை மறைத்துத் தமதென்றல் களவின் சாயல்.

போலியைப் பற்றிய கவலை நமக்கு இன்னும் அணித்து. ஓமந்தூர், திண்டிவனம் வட்டாரத்தில் ஆலய விழா அழைப்பிதழுக்குத் தீர்த்தங்கரர் படம் ஒன்றை இக்கருவியிடம் கேட்பதாகக் கொள்வோம். உலகில் புத்தர் படங்கள் மிகுதி. தமிழ்ச் சமணத் திருவுருவப் படங்கள் சிலவே. எனவே மகாவீரருக்கு ஆடை போர்த்துவதும், பார்சுவநாதரின் நாகக்குடையை விடுவதும், இடபநாதரின் காளைக்கு ஈடாகச் சிங்கத்தை அமைப்பதும் நேரக்கூடும். ஆடையின்மை பற்றின்மையைக் கூறுவது. பாகுபலியின் மேனியிற் படர்ந்த கொடி ஓராண்டு அசையாது நின்ற தவத்தைக் கூறுவது. இவை அழகுக்கு இட்ட அணிகளல்ல. பிழைபட்ட படத்தையே மீண்டும் மீண்டும் காணும் குழந்தைக்கு அதுவே மெய்யாகிவிடும்.

ஆதலின் கருவியை விலக்குக என்பதன்று நம் கருத்து. படத்தை அச்சேற்றுமுன் மேல்சித்தாமூர் ஆலயத் திருவுருவத்தோடும், செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் பாறையிற் செதுக்கிய இருபத்துநால்வர் உருவங்களோடும் ஒப்பிட்டு நோக்குக. கருவியால் ஆயது என்பதைப் படத்தின் அடியில் குறிப்பிடுக. வாழும் ஓவியர் ஒருவரின் பாணி வேண்டுமாயின், அவரையே அணுகி உரிய ஊதியம் தந்து வரைவிக்குக.

நற்காட்சி உடையவர் கையில் தூரிகையும் கணினியும் ஒன்றே. அஃதில்லாதார்க்கு இரண்டாலும் வினையே மிகும்.