பதினாலாவது குரல்

இருட்டில் வண்டிக்குள்ளிருந்து “பதினாலு” என்று ஒரு குரல் வந்தது. பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே, வர வேண்டிய இடத்தில், தட்டாமல் தடங்காமல் வந்தது. அந்த எண்ணுக்குரிய பையன் அப்போது வண்டியில் இல்லை. நடந்தது இவ்வளவுதான். யாருக்கும் காயமில்லை, ஒரு பொருளும் தொலையவில்லை. இருந்தும் அந்தக் குரல் யாருடையது, ஏன் வந்தது என்கிற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. பல் தேய்க்கும்போது வருகிறது. ஆராதனை நடுவில் வருகிறது.

மதுரையில் ஒரு சபையின் பையன்கள் குழு அது. காலாண்டு விடுமுறைக்கு முகாம். போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் சிலமலை. அங்கே ஒரு மாந்தோப்பு. தார்ப்பாய்க் கூடாரம், விறகடுப்பு, காலையில் வேதபாடம், சாயங்காலம் கபடி. பையன்களைக் கட்டி மேய்க்கிற பொறுப்பு ஓர் இளைஞருடையது. எல்லாரும் அவரை அண்ணன் என்றார்கள். நான் அரிசி பருப்புக் கணக்குப் பார்க்கப் போனவன். சகுனம் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை; இருந்திருந்தால் உசிலம்பட்டியில் கிளட்ச் தீய்ந்த வாடை வந்தபோதே வண்டியைத் திருப்பியிருப்போம். (மதுரையிலிருந்து போடிக்கு ரயில் இருக்கிறது. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தியவர்கள், 2023 ஜூனில்தான் போடி வரை அகலப்பாதையில் வண்டி விட்டார்கள். அதில் போகலாமே என்றேன். சாமான் அதிகம் என்றார்கள்.)

ஒரு நாள் போடிமெட்டு. முந்தல் சோதனைச் சாவடி தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வெயில், இறங்கும்போது மழை. புலியூத்துப் பக்கம் பாறை உருண்டு ரோட்டை அடைத்துவிட்டது என்று வண்டிகளை நிறுத்தினார்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் ஜீப்புகள். பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவை. காய் எடுக்கிற பருவம் அது. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. ஒரு ஜீப்புக்குள் எத்தனை பேர் என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது. ஓர் அக்கா காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில், கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ரத்தம் நிற்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் இருந்தவரோடு சீட்டுப் பணம் பற்றிப் பேசிக்கொண்டே தடவினார்.

அண்ணனுக்கு ஒரு முறை உண்டு. முதல் நாளே ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவார். அவர் விசில் ஊதினால் ஒன்றிலிருந்து கடைசி வரை சரசரவென்று ஓட வேண்டும். அன்றும் ஊதினார். எண்கள் ஓடின. கடைசி எண் வரை சரியாக இருந்தது. முன்னால் நின்ற வண்டிகள் நகர, எங்கள் வண்டியும் நகர்ந்தது. அப்போது யாரோ தகரத்தில் படபடவென்று தட்டினார்கள். ஒரு ஜீப் டிரைவர். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் எங்கள் பையனின் முழங்கை.

“உங்க பிள்ளைய விட்டுட்டுப் போறீங்களே சார்.”

பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். விடுதியில் தங்கிப் படிக்கிறவன். எங்கேடா போனாய் என்று அண்ணன் கத்தினார். “எங்க ஊரு ஜீப்பு நிக்குதான்னு பாக்கப் போனேண்ணே” என்றான். அவன் ஊர் சிலமலையைத் தாண்டி அதே சாலையில்தான் இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் அம்மா மலைக்கு வேலைக்குப் போகிறார் என்பதும் தெரியாது.

“பதினாலு சொன்னது யாருடா?”

பதில் இல்லை. தோப்புக்குத் திரும்பிய பிறகும் இல்லை. அண்ணன் பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சி பற்றிய கட்டளையை எடுத்து அரை மணி நேரம் பேசினார். பையன்கள் தலையைக் குனிந்து கேட்டார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஒருவனும் இன்னொருவனைப் பார்க்கவும் இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த எண் சொல்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். 1883இல் கிளாஸ்கோவில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்பவர் ஞாயிறு பள்ளிப் பையன்களின் சேட்டையைச் சமாளிக்க முடியாமல், தான் தொண்டர் படையில் கற்ற டிரில்லை அவர்களுக்குப் பழக்கினார். அப்படிப் பிறந்ததுதான் பாய்ஸ் பிரிகேட். 1907இல் பேடன்-பவல் பிரவுன்சீ தீவில் சாரணர் முகாமைப் போட்டுப் பார்த்தபோது, அந்தப் பிரிகேட் பையன்களும் அதில் இருந்தார்கள். பட்டாளத்தில் பிறந்து, சபைக்குள் நுழைந்து, கடல் தாண்டி, போடிமெட்டு மழையில் எங்கள் வண்டிக்குள் வந்து நின்றிருக்கிறது இந்த எண். சிப்பாய்க்கு இந்த முறை சரி. ஒருவன் விழுந்தால் அந்த இடத்தில் இன்னொருவன் நிற்பான். வரிசையில் ஓட்டை இருக்கக் கூடாது. பையன்களும் அதையேதான் செய்தார்கள் என்று சொன்னால் அண்ணன் கோபித்துக்கொள்வார்.

என் அப்பத்தா பிள்ளைகளை எண்ணவே விடாது. பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு என்று எல்லாரும் கூடுகிற கிறிஸ்துமஸ் ராத்திரியில், தூங்குகிற பிள்ளைகளைக் காலால் தாண்டித் தாண்டி, முகத்துக்கு நேரே அரிக்கேன் விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு போகும். “எத்தனை பேரு அப்பத்தா?” என்று கேட்டால், “எண்ணாதடா, கண்ணு பட்டுப் போகும்” என்று அதட்டும். ஞானஸ்நானம் வாங்கிய குடும்பத்தில் கண்ணேறு என்ன, எண்ணேறு என்ன என்று அப்பா சிரிப்பார். ஆனால் அதே அப்பா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார். லாபம் என்றுதான் தொடங்குவார். எண்ணுக்கு அஞ்சுகிற ஒரு பழைய கூச்சம் எல்லாருக்குள்ளும் கிடக்கிறது போலும்.

வேதத்திலும் கிடக்கிறது. தாவீது ராஜா ஜனங்களை எண்ணிக் கணக்கெடுத்தான். அதற்காகக் கொள்ளைநோய் வந்து எழுபதாயிரம் பேர் செத்தார்கள் என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகம் கடைசி அதிகாரத்தில் வருகிறது. சிறுவயதில் இது எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. எண்ணினதற்கு இத்தனை பெரிய தண்டனையா? யூதர்கள் ஜெபத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்களா என்று பார்க்கும்போது தலையை எண்ணாமல், பத்துச் சொற்கள் உள்ள ஒரு சங்கீத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாக ஒப்பிப்பார்கள் என்று பிறகு எங்கோ படித்தேன். எந்தப் புத்தகம் என்று மறந்துவிட்டது.

இவற்றையெல்லாம்விட அந்தப் பன்னிரண்டு வயது என்னைத் தொந்தரவு செய்தது. லூக்கா சொல்கிற கதை எல்லாருக்கும் தெரியும். பஸ்கா பண்டிகை முடிந்து எருசலேமிலிருந்து கூட்டமாகத் திரும்புகிறார்கள். பிள்ளை கூட்டத்தில்தான் இருப்பான் என்று யோசேப்பும் மரியாளும் நினைத்துக்கொண்டு ஒரு நாள் தூரம் நடந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. அப்புறம் தேடித் திரும்பிப் போய், மூன்று நாளைக்குப் பிறகு ஆலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். அந்த ஒரு நாள் நடையில் யாரோ ஒரு சிறுவன், “அவன் பின்னால வர்றான் பெரியம்மா” என்று சொல்லியிருப்பானோ? லூக்கா எழுதவில்லை. ஆனால் அப்படி ஒருவன் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கூட்டம் என்றால் அப்படி ஒரு குரல் இல்லாமல் இருக்காது.

இப்படி நினைத்து நினைத்து அந்தக் குரலுக்கு நான் வக்காலத்து வாங்கத் தொடங்கும்போதெல்லாம் குரங்கணி குறுக்கே வந்து நிற்கும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் மாட்டின. முதலில் மாணவிகள் என்றார்கள். பிறகு பார்த்தால் பெரும்பாலும் சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த, வேலைக்குப் போகிறவர்கள். மேலே எத்தனை பேர் என்பதும் செய்தியில் மணிக்கொரு தரம் மாறியது. ஊர்க்காரர்கள்தான் முதலில் ஏறி, முடிந்தவர்களைத் தூக்கி வந்தார்கள். கடைசியில் இறந்தவர்கள் 23. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை தன் மலையேற்றப் பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியபோது அந்தப் பட்டியலில் குரங்கணியும் இருந்தது. இப்போது பெயர் கொடுத்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

அந்த மலைக்குப் பக்கத்து மலையில்தான் நாங்கள் நின்றோம். பாறை இன்னொரு முறை உருண்டிருந்தால், டிரைவர் வந்து தகரத்தைத் தட்டாமல் இருந்திருந்தால், நாங்கள் சிலமலைக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் ஒரு தட்டு மிச்சம் இருப்பது தெரிந்திருக்கும். அப்போது அந்தப் ‘பதினாலு’க்கு என்ன பெயர் வைப்போம்? நட்பு என்றா?

அந்த டிரைவர் தன் ஜீப்புக்குத் திரும்பியதையும் சொல்ல வேண்டும். ஏறும் முன் டார்ச்சை உள்ளே அடித்து, “பேச்சியக்கா எங்க?” என்றார். பின்னாலிருந்து “இந்தா” என்று பதில் வந்தது. அவ்வளவுதான் அவருடைய கணக்கு. இதை மெச்சலாம் என்று வாயைத் திறந்தால் மனசு இடிக்கிறது. அந்த ஜீப்பில் எண்ணிப் பார்த்தால் பெர்மிட்டுக்கு மேல் எத்தனை பேர் என்பது வெளியே வந்துவிடும். எண்ணாமல் இருப்பது அவருக்கு வசதி. இந்த மலைச் சாலைகளில் தோட்டத் தொழிலாளர் ஜீப் கவிழ்ந்த செய்தி புதிதல்ல. போடியில் ஏலக்காய் மூட்டைக்கு எடை உண்டு, தரம் உண்டு, ஏலத்துக்குப் போகும்போது எண்ணும் உண்டு. அதை எடுத்துவரப் போகிற பெண்களுக்கு வண்டியில் கணக்கு இல்லை.

மறுபடி குரலுக்கே வருகிறேன். அது அவனுடைய கூட்டாளியாக இருக்கலாம். அம்மா அந்த ஜீப்பில் இருந்துவிட்டால் ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு வரட்டும் என்று நினைத்திருக்கலாம். பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு பையன், பதிமூன்றுக்குப் பிறகு விழுந்த வெற்றிடத்தைத் தாங்கமாட்டாமல் சும்மா நிரப்பியிருக்கவும் கூடும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற வாய்க்கு நடுவில் ஒரு எண் விட்டுப்போவது பிடிக்காது. அடிக்குப் பயந்தும் இருக்கலாம். தட்டாமல் வந்தது என்று முதலில் எழுதினேன். இப்போது நினைத்தால், ஒரு நொடி தாமதித்து வந்ததோ என்றும் இருக்கிறது. அந்த ஒரு நொடியில் யாரோ ஒரு பையன் ஒரு முடிவு எடுத்திருக்கிறான். சரியா தவறா என்று நான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிற முடிவு அது. அவன் பொய் சொன்னான், அதில் சந்தேகமில்லை. ஆபத்தான பொய். ஆனால் அந்த வண்டியில் பதினாலாம் எண்காரனுக்கு அம்மா உண்டு, ஊர் உண்டு என்று தெரிந்துவைத்திருந்தவன் அவன் ஒருவன்தான் என்றால், அவனைத் திட்டுகிற தகுதி எங்களில் யாருக்கு இருந்தது? எனக்கு இதில் தீர்ப்புக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்றும் தோன்றவில்லை.

அண்ணன் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், முகத்துக்கு டார்ச் அடிக்கிறார். நேரம் பிடிக்கிறது, பையன்கள் முனகுகிறார்கள். பெயரைக் கூப்பிட்டாலும் ‘இருக்கேண்ணே’ என்று சொல்ல இன்னொரு வாய் கிடைக்காதா என்ன? அதனால் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப் போகிறவர்களிடம் எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான்: புறப்படுவதற்கு முன்னால், போகிற வழியில் யாருக்காவது வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த ஊரில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள். அதற்குத் தகுந்தாற்போல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.