பிள்ளைக்குத் தரும் பரிசு கையூட்டா?

"வகுப்பில் அமைதியாக அமர்ந்ததற்கு ஒரு மிட்டாய், எழுதி முடித்ததற்கு ஒரு பொம்மை. இப்படிப் பழக்கினால் பிள்ளை கூலிக்காரனாகிவிடாதா? நிய்யத் என்னாவது?" பிள்ளைச்சாவடிச் சகோதரி ஒருவரின் கேள்வி இது. அவருடைய மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்' என்னும் நடத்தைப் பயிற்சி தரப்படுகிறது.

நிய்யத்தின் கணக்கு பருவமடைந்தபின் தொடங்குவது. அதுவரை பிள்ளையின்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது. ஆஷுரா நோன்பன்று உணவு கேட்டு அழுத பிள்ளைகளுக்குக் கம்பளி பொம்மையைக் கொடுத்து, நோன்பு திறக்கும்வரை தேற்றியதாக ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. அது தேற்றல், கூலியன்று என்பீர்கள். உண்மைதான். எனினும், பிள்ளையின் மனத்தை அதன் தரத்திற்கு இறங்கிச் சென்று பிடிக்கலாம் என்பதற்கு அதுவே போதும். கையூட்டு நியாயத்தை வளைக்கத் தருவது, இதுவோ நடைவண்டி. கால் ஊன்றியதும் மெல்ல விலக்கிவிட வேண்டும்.

மேலும், இம்முறையின் உயிர் மிட்டாயில் இல்லை. செயலுக்கு முன் நடந்தது என்ன, செயல் என்ன, அதனால் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்று எழுதிவைத்துப் பார்ப்பதே அதன் அடிப்படை. இரைச்சல் தாங்காத பிள்ளை வீறிடுகிறது. ஆசிரியர் வெளியே அனுப்புகிறார். அவருக்கு அது தண்டனை, பிள்ளைக்கோ விடுதலை! நாளையும் வீறிடும். அதற்குப் பதில், "கொஞ்சம் வெளியே போகட்டுமா?" என்று சொல்லாலோ அட்டையாலோ கேட்கக் கற்றுக்கொடுத்தால் வீறிடும் தேவை குறைகிறது. கேட்கத் தெரிந்த பிள்ளையிடம் முரட்டுத்தனம் தணிவதை அமெரிக்க அறிஞர்கள் கார், டுரான்ட் இருவரும் 1985-ல் காட்டினர். செகந்தராபாத் தேசிய நிறுவனம் 1992-லேயே ஆசிரியர்களுக்கு நடத்தை முறைக் கையேடு வெளியிட்டது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலும், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அறிந்தவரிடம் கேட்பதில் வெட்கமென்ன?

எனக்குள்ள அச்சம் வேறு. லோவாஸ் என்பவர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில் 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி; 9 பேர் சாதாரண வகுப்பில் தேறினர் என்று உலகமே வியந்தது. ஆனால் அந்தப் பயிற்சியில் அதட்டலும், சில வேளைகளில் தொடையில் அடியும் இருந்தன. அவ்வகைப் பயிற்சியில் வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்களில் பலர், தங்களையே ஒளித்துக்கொள்ளத்தான் கற்றோம் என்று இன்று வருந்துகிறார்கள்.

ஆகவே, யாருக்காக மாற்றுகிறோம்? பிள்ளை தலையைச் சுவரில் மோதினால் மாற்றத்தான் வேண்டும். மகிழ்ச்சியில் கையை உதறினால், கல்யாண வீட்டில் நமக்கு வெட்கம் என்பதைத் தவிர என்ன குறை? பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த கிராமவாசியையே அதட்ட விடாமல் தடுத்து, வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

அந்தச் சகோதரி பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. ஒருநாள் வகுப்பில் உடனமர்ந்து பார்க்கட்டும். உணவையோ ஓய்வையோ பறித்துவிட்டுப் பரிசாகத் திருப்பித் தருகிறார்களா? "வேண்டாம்" என்று சொல்லவும் என் மகனுக்குக் கற்றுத்தருகிறீர்களா? இவ்விரண்டையும் ஆசிரியரிடம் கேட்கட்டும்.