கண்டுபிடித்ததற்குக் கூலி

“அஞ்சு நிமிஷ வேலைக்கு ஐநூறு ரூபாயா, தம்பி?”

வீட்டுக்கு வந்து கணினி பழுது பார்க்கிற எந்த இளைஞரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைச் சொல்வார். இப்படிக் கேட்கும் வீட்டுக்காரர் கல்நெஞ்சர் அல்ல. வந்தவரை உட்காரச் சொல்லியிருப்பார், காபி கொடுத்திருப்பார். பெரும்பாலும் நன்றாகப் படித்தவர். ஆசிரியர், வங்கி அதிகாரி, மென்பொருள் பொறியாளர். தன் படிப்புக்குக் கிடைத்த சம்பளத்தில்தான் அந்த வீட்டையே கட்டியிருப்பார். அப்படிப்பட்டவர், தன் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவருடைய அறிவுக்குச் சம்பளம் தர மாட்டேன் என்கிறார். கஞ்சத்தனம் என்றால் மன்னித்துவிடலாம். இது யோசிக்காமல் பின்பற்றுகிற ஒரு பழைய வழக்கம். அதனால்தான் இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

நடக்கிற வேலை ஒன்றை முழுதாகப் பார்ப்போம். மேசைக் கணினி ஓடுகிறது, படம் வருகிறது, ஆனால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரிக்கை வந்து நிற்கிறது. வங்கிக் கணக்குக்குள் போக முடியவில்லை. வைரஸ்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டையும் பிடித்தாயிற்று. வந்தவர் முதலில் பார்ப்பது திரையின் வலது கீழ் மூலையை. தேதி பத்து வருடம் பின்னால் இருக்கிறது. பாதுகாப்பான ஒவ்வொரு தளத்துக்கும் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்று ஒரு சான்றிதழ் உண்டு. கணினி தன்னைப் பத்து வருடம் முந்திய நாளில் இருப்பதாக நினைத்தால், அந்தச் சான்றிதழ் அதற்கு இன்னும் தொடங்காத ஒன்று. அதனால் உலாவி உள்ளே விட மறுக்கிறது. சரி, கடிகாரம் ஏன் பின்னால் போனது? மதர்போர்டில் சிஆர் 2032 என்ற வட்டப் பேட்டரி ஒன்று இருக்கிறது. 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் நாளும் மணியும் கணினிக்கு நினைவிருப்பது அதனால்தான். ராத்திரி சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிற வீடுகளில் அது இன்னும் சீக்கிரம் தீரும். அதுதான் தீர்ந்திருக்கிறது. பெட்டியின் மூடியைக் கழற்றுகிறார், பேட்டரியை மாற்றுகிறார், நேரத்தைச் சரிசெய்கிறார். வங்கித் தளம் திறக்கிறது.

பேட்டரி ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். மாற்றுவதற்கு ஐந்து நிமிடம். வீட்டுக்காரர் மனக்கணக்குப் போடுகிறார்: பொருளுக்கு ஐம்பது, கைக்கு ஒரு நூறு. வைரஸ், மோடம், உலாவி, வங்கி என்று சந்தேகப்பட நாலு இடம் இருந்தும், அத்தனையையும் விலக்கிவிட்டு நேராக ஐந்தாவது இடத்துக்குப் போனாரே, அதற்கு அந்தக் கணக்கில் ஒரு பைசாவும் இல்லை. அது கண்ணில் படவில்லை. இதே இளைஞர் இரண்டு மணி நேரம் தடுமாறி, வியர்த்து, நாலு முறை கழற்றி மாட்டியிருந்தால் முகம் கோணாமல் ஐநூறைக் கொடுத்திருப்போம். தெரியாதவருக்குக் கூடுதல், தெரிந்தவருக்குக் குறைவு. தன் அலுவலகத்தில் இந்த விதியை எவர் ஒப்புக்கொள்வார்?

ஐநூறு எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடலாம். சென்னையில், தாம்பரத்தில் இருப்பவரைப் பெரம்பூரிலிருந்து அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்றாலும் பெட்ரோலுக்கே 130 ரூபாய்க்கு மேல் ஆகும். போக வர அரை நாள் சாலையில் கழியும். என்ன பழுது என்று தெரியாமல் கிளம்புவதால் மல்டிமீட்டர், எஸ்எம்பிஎஸ், ரேம், கேபிள்கள் என்று ஒரு பை நிறையச் சுமக்க வேண்டும். அதில் உள்ளவை அவர் சொந்தக் காசில் வாங்கியவை. ஒரு நாளில் இப்படி இரண்டு வீடு பார்த்தால் அதிகம். வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, அன்றைக்குத்தான் எல்லா வீட்டிலும் ஆள் இருப்பார்கள். அவ்வளவு தூரம் வந்து, திறந்து பார்த்து, “இது தேறாது சார், செலவு பண்ணாதீங்க” என்று நேர்மையாகச் சொன்னால் பல வீடுகளில் கிடைக்கிற பதில்: “நீதான் ஒண்ணும் ரெடி பண்ணலையே, எதுக்குக் காசு?”

நான் சொல்ல வந்த குற்றச்சாட்டு இங்கேதான் தொடங்குகிறது. பழுது பார்க்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று எல்லோரும் புலம்புகிறோம். ஏமாற்று உண்டு. அதை அவர்களுக்குப் பயிற்றுவிக்கிறவர்கள் நாம். ரேமை வெளியே எடுத்து, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினால் உயிர் பெற்றுவிடும் கணினிகள் ஏராளம். அதை மறைக்காமல் செய்துவிட்டு நானூறு கேட்டால் வாக்குவாதம். “ரேம் போயிடுச்சு சார், புதுசு போடணும்” என்றால் வாயை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கிறோம், ஏனென்றால் கையில் ஒரு பொருள் வருகிறது. உண்மை சொன்ன வீட்டில் நஷ்டப்பட்டு, பொய் சொன்ன வீட்டில் சம்பாதிக்கிற ஒருவர் எத்தனை மாதம் உண்மையே சொல்லிக்கொண்டிருப்பார்? சிலர் வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். அவர்கள் நேர்மைக்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் இல்லை. அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையும், நம்மை நினைத்தால் வெட்கமும் வருகிறது.

‘ஃபார்மட் அடிக்கணும்’ என்பது இந்தத் தொழிலின் பொது மருந்து. கணினி மெதுவாக ஓடினால் ஃபார்மட், பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் ஃபார்மட். பல நேரங்களில் தேவையானது இதுவல்ல. ஹார்டு டிஸ்கே சாகிற நிலையில் இருந்தால், ஃபார்மட் அடித்து மறுபடி எல்லாவற்றையும் ஏற்றுவது அதன் சாவை விரைவுபடுத்தும். குடும்பப் புகைப்படங்களை மீட்கிற வாய்ப்பும் போகும். விசிறியில் தூசி அடைத்து, செயலி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தால், ஆயிரம் முறை ஃபார்மட் அடித்தாலும் அதே கதைதான். காரணம் தேடாமல் செய்யப்படும் சடங்கு இது. எந்தக் கிரகத்தால் என்ன கெட்டது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பரிகாரம் மட்டும் தயாராக இருக்கும் அல்லவா, அதே கட்டமைப்பு. மூன்று மணி நேரம் திரையில் சதவீதம் ஏறுவதை வீட்டார் பார்க்கிறார்கள், வேலை நடக்கிறது என்று திருப்தி அடைகிறார்கள், பணம் கொடுக்கிறார்கள். காரணத்தைத் தேடியிருந்தால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும், கூலிதான் கிடைத்திருக்காது.

ஆயுத பூசை அன்று இதே கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். புதுவீடு புகும்போது கணபதி ஹோமத்துக்கு ஆயிரங்களைத் தாம்பூலத்தோடு தட்டில் வைத்து, குனிந்து கொடுக்கிறோம். அங்கேயும் பேரம் பேசுகிறவர்கள் உண்டுதான். ஆனால் “நீங்கள் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன, இது எத்தனை நிமிட வேலை” என்று கணக்குக் கேட்கிற ஒருவரைக் காட்டுங்கள். புரியாத மொழியில் சொல்லப்பட்ட மந்திரத்துக்கு மணிக்கணக்கு இல்லை. புரிகிற மொழியில், “சார், பேட்டரி தீர்ந்துடுச்சு, அதனால தேதி மாறிடுச்சு” என்று காரண காரியத்தோடு விளக்கினவருக்குத்தான் கடிகாரம் பார்க்கிறோம். விளக்கியதே அவர் செய்த தவறு. விளக்காமல் உதட்டைப் பிதுக்கியிருந்தால் பயந்திருப்போம், பயந்திருந்தால் கொடுத்திருப்போம்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாத ஒன்றல்ல. கையால் வேலை செய்கிறவனுக்கு மூளை தேவையில்லை, மூளை உள்ளவன் கையை அழுக்காக்க வேண்டியதில்லை என்று மனிதர்களைப் பிறப்பிலேயே பிரித்து வைத்த சமூகம் இது. ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கையைப் பார்த்ததும், அதற்குப் பின்னால் ஒரு தலை இருப்பது நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அதே தலை கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு குளிரூட்டிய அறையில் ‘கன்சல்டன்ட்’ என்று உட்கார்ந்திருந்தால் மணிக்கு ஆயிரங்கள் தருகிறோம். சில அடுக்குமாடிகளில் பழுது பார்க்க வருகிறவர் குடியிருப்போரின் லிஃப்டில் ஏறக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் முகம் பார்த்துப் பேசுகிற கருவி வரும் என்று பெரியார் ‘இனி வரும் உலகம்’ நூலில் சொன்னதை ஆண்டுதோறும் பெருமையோடு பகிர்ந்துகொள்கிறோம். அந்தக் கருவி வந்துவிட்டது. இழிவான வேலை என்று ஒன்று இருக்காத உலகத்தையும் அதே நூலில்தான் அவர் கனவு கண்டார். அதை எத்தனை பேர் பகிர்கிறோம்?

2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அதுவரை கணினியே நுழையாத வீடுகளுக்குள் லட்சக்கணக்கில் அவற்றைக் கொண்டுசேர்த்தது. அந்த மடிக்கணினியைக் கழற்றிப் பார்த்துக் கற்றவர்கள் இருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு அண்ணன் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, சாலிடரிங் புகையில் கற்றவர்கள் இருக்கிறார்கள். பட்டயப் படிப்பு முடித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. யாராக இருந்தாலும், நேற்றுக் கற்றது இன்றைக்குப் பழசாகிற தொழில் இது. சொந்தச் செலவில், தூக்க நேரத்தில் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவை நாம் ஏற்க மறுத்தால் அவர் கற்பதை நிறுத்துவார், ஃபார்மட் மட்டும் அடிப்பார்.

கூலியைக் குறைப்பதோடு நாம் நிற்பதில்லை. “ஒரிஜினல் எல்லாம் எதுக்கு தம்பி, கிராக் பண்ணதையே போட்டு விடு” என்கிறோம். விண்டோஸும் ஆபீஸும் ஓசியில் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவதும் குற்றம். உரிமத்தை ஏய்ப்பதற்காக இணையத்திலிருந்து இறக்குகிற கருவிகளோடு தீநிரல்களும் ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்த சங்கதி. அந்தக் கருவிகளை ஓடவிடுவதற்காக வைரஸ் தடுப்பை அணைத்து வைக்கவும் வேண்டியிருக்கும். அப்புறம் கணக்கிலிருந்து பணம் போனால், “அந்தப் பையன் என்னமோ பண்ணிட்டான்” என்று பழி. லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச, சட்டப்படியான வழி இருக்கிறது என்று எடுத்துச்சொல்ல வந்தவருக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துக்கும் நாம் காசு தர மாட்டோம்.

பழுது பார்க்கிறவரின் அறிவை மதிக்காத இந்த வழக்கத்துக்கு உற்பத்தி நிறுவனங்களும் உடந்தை. ஒரு காலத்தில் ரேமையும் பேட்டரியையும் யார் வேண்டுமானாலும் மாற்ற முடிந்தது. இப்போது பல மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் போர்டோடு சேர்த்துச் சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது, பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. போர்டின் மின்சுற்று வரைபடம் வெளியாருக்குக் கிடைப்பதில்லை. ஒரு சின்ன மின்தேக்கி குறுக்குச்சுற்று ஆகியிருக்கும். அதன் விலை சில ரூபாய். வரைபடம் இருந்தால் தேடிப் பிடித்து மாற்றலாம். இல்லாவிட்டால் மொத்த போர்டையும் மாற்று, அல்லது புதிய கணினி வாங்கு. படிக்கக் கூடாது, தெரிந்துகொள்ளக் கூடாது என்று அறிவைப் பூட்டி வைத்து அதிகாரம் செய்தவர்களை எதிர்த்து வளர்ந்த மண் இது. வரைபடத்தைப் பூட்டி வைக்கிற நிறுவனத்தை மட்டும் நாம் கேள்வி கேட்பதில்லை. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, பிறகு ஓர் இணையதளமும் வந்தது. ஆனால் வரைபடமும் உதிரிபாகமும் தர வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வரவில்லை.

பழுது பார்க்கிறவருக்கும் கடமை உண்டு. கிளம்புவதற்கு முன்பே போனில், வந்து பார்க்க இவ்வளவு, சரியானாலும் ஆகாவிட்டாலும் இவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். காரணத்தை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். மர்மத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அவர் பூசாரிதான், கையில் மல்டிமீட்டர் இருப்பதால் அறிவியலாளர் ஆகிவிட மாட்டார். ரசீது தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த ரசீதில் ‘பழுது கண்டறிந்த கட்டணம்’ என்று ஒரு வரி தனியாக இருக்கட்டும், அதை நாம் தயங்காமல் கொடுப்போம். பொய்யாக விற்கப்படும் ரேம்களையும் போர்டுகளையும் விட அந்த வரி எப்போதும் மலிவு.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் வேண்டும். அவை இல்லாததால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் ‘பழசு’ ஆகிவிட்டன. அப்படி ஒன்றை வைத்திருக்கும் வீட்டுக்கு ஒருவர் வருகிறார். புதுசு வாங்கச் சொல்லி, தெரிந்த கடைக்கு அனுப்பினால் அவருக்குக் கமிஷன் உண்டு. அவர் அப்படிச் சொல்லவில்லை. இருபது நிமிடம் சோதித்துவிட்டு, “இதுல ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏத்திக்கலாம்மா. பசங்க படிக்கிறதுக்கு, பேங்க் வேலைக்கு இன்னும் பல வருஷம் தாங்கும். நாப்பதாயிரம் போட்டுப் புதுசு வாங்கணும்னு அவசியம் இல்ல” என்கிறார். அந்த வீட்டில் நாற்பதாயிரத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கிறது. அவர் எழுந்து பையை மாட்டிக்கொண்டு, ஐநூறு ரூபாய் என்கிறார்.

என்ன சொல்லப்போகிறீர்கள்?