ஏமாற்றுபவன் இல்லாத ஏமாற்று

1860இல் தாவரவியலாளர் ஆஸா கிரேக்கு டார்வின் எழுதிய கடிதம் ஒன்றில் ஒட்டுண்ணிக் குளவிகள் வருகின்றன. உயிருள்ள புழுவுக்குள்ளிருந்து அதையே தின்று வளரும் ஜந்துவைக் கருணையுள்ள ஒரு கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று அவரால் நம்ப முடியவில்லை. அவரை உறுத்தியது கொடுமை. என்னை உறுத்துவது அதே குடும்பத்துக் குளவி ஒன்றின் காதல்.

ஆஸ்திரேலியாவில் இருக்கிறது அது, பெயர் லிஸ்ஸோபிம்ப்லா. கிரிப்டோஸ்டைலிஸ் என்ற ஆர்க்கிட் பூ, இதன் பெண்ணுக்குரிய வாசனையைப் போன்ற ஒன்றை வெளியிடுகிறது. வருபவை ஆண் குளவிகள் மட்டுமே என்றும், தேனுக்காக அல்ல, புணர்வதற்காகவே வருகின்றன என்றும் 1927இல் விக்டோரியாவில் கவனித்து எழுதியவர் ஈடித் கோல்மன். ஆண் தன் விந்தையே பூவில் விட்டுப் போகிறது என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூவுக்கு மகரந்தம் போய்ச் சேர்கிறது. குளவிக்கு ஒன்றுமில்லை. இன்னும் விபரீதம், இக்குளவிகளில் கருவுறாத முட்டையும் பொரிக்கும்; பிறப்பவை எல்லாம் ஆண்களே. ஆண் கிடைக்காத பெண், பூவிடம் ஏமாற மேலும் ஆண்களைப் பெற்றுத் தரக்கூடும் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம்.

இதைப் பொய் என்று சொல்லலாமா? பொய் சொல்ல உண்மை தெரிந்த ஒருவன் வேண்டும். பூவுக்கு எதுவும் தெரியாது. வாசனை சற்றே பொருந்திய பூக்கள் விதைவிட்டன, மற்றவை விடவில்லை, அவ்வளவுதான். 'இயற்கையின் தந்திரம்' என்று எழுதுகிறவர்கள், டார்வின் வாசல் வழியே அனுப்பிவைத்தவரைக் கொல்லைப்புறமாக அழைத்து வருகிறார்கள். ஆனால் ஏமாற்றியவன் இல்லை என்பதால் ஏமாந்தவனும் இல்லாமல் போய்விடுவதில்லை. நம் ஒழுக்கச் சிந்தனை முழுதும் குற்றவாளியைத் தேடியே பழகிவிட்டது. அவன் இல்லாத இடத்தில் நஷ்டத்தை என்ன பெயரிட்டு அழைப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

ஆளை விட்டு அடையாளத்தை மட்டும் பார்ப்பது எனக்கும் தொழில்தான். வங்கியில் கையெழுத்தை மாதிரியோடு ஒப்பிடுகிறேன். கை நடுங்கும் பெரியவர் ஒருவரின் செக்கைப் பொருந்தவில்லையென்று ஒருமுறை திருப்பினேன். எதிரே நிற்பவர் அவரேதான் என்பது எனக்குத் தெரியும். பல வருஷமாக வருபவர். விதி அப்படி என்றேன். விதியை எழுதியவர் யார் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் என்னிடம் பெயர் இல்லை. வாசனையைத் தாண்டிப் பார்க்கக் குளவிக்கு வழியில்லை. எனக்கு இருந்தது.

அவர் பேனாவை வாங்கி, கீழே இன்னொரு முறை போட்டுக் காட்டினார். அதுவும் பொருந்தவில்லை.